கத்தாத வைத்தியசாலை

1996 ஆகஸ்ட் 26, திங்கள்

காற்று. கருமத்தம்பட்டியில் இந்த மாதம் கொடியில் போட்ட துணி கொடியில் இருப்பதில்லை. காலையில் என் கணவருடைய சட்டை பக்கத்துத் தறிக் கொட்டகையின் கூரைமேல். ஆள் ஏற்றி எடுத்தோம்.

வைத்தியசாலை நாள். எட்டாம் மாதம் முடிகிறது. அத்தையும் நானும் டவுன் பஸ்ஸில். அத்தை என்றால் மாமியார். என்னைவிட வேகமாக நடப்பார். பஸ் வைத்தியசாலை வாசலிலேயே நிற்கிறது. இந்த இடத்தின் புகழுக்கு முதல் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். மூலிகை இரண்டாவது.

சௌந்தரம் வைத்தியரம்மா சித்த மருத்துவம் முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவர். பட்டம் சுவரில், நாள்காட்டிக்குப் பின்னால். காற்றடித்தால் தெரியும்.

நாடி பார்த்தார். கால் வீக்கத்தைப் பார்த்தார். நெருஞ்சில் கஷாயம், இரண்டு வேளை. உப்பு குறைவாக. பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, வெளியே மாட்டைப் பார்த்தபடி:

"நேரங் கெடச்சா ஒருக்கா கோயமுத்தூர் ஆஸ்பத்திரில காட்டிப்போட்டு வந்துருங்களே. பிரசர் பாத்துக்கிட்டா நல்லதுங்க. நம்ம மிசினு ரிப்பேருக்குப் போயிருக்குது."

"ஆகட்டுங்க," என்றார் அத்தை.

திரும்பும்போது பஸ்ஸில் விளக்கம்: "அது மருவாதிக்குச் சொல்றது கண்ணு. நம்மூட்டுக்கு வாரவங்ககிட்ட 'இருந்து சாப்புட்டுப் போங்க'ங்கறமல்ல, அந்த மாதிரி."

கஷாயம் குடித்தேன். எம்.ஏ. வரலாறு படித்திருப்பது அதன் சுவையில் எந்த மாற்றமும் செய்யவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

காற்று அப்படியே. மதியம் மழை வருவதுபோல் இருட்டி, மனம் மாறிப் போய்விட்டது.

கல்லூரியிலிருந்து ராஜேஸ்வரி போன் செய்தாள். நான் விடுப்பில் வந்த பிறகு என் வகுப்புகளையும் சேர்த்து எடுக்கிறாள். "படிச்சவ நீ. கோயமுத்தூர்ல இத்தன ஆஸ்பத்திரி இருக்கறப்ப எதுக்குடி கஷாயக் கடைக்குப் போறே?" பதில் தெரியவில்லை. ஆகவே திங்களன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களிடம் கேட்டதை, மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

சோமனூர்க்காரி, முதல் பிரசவம்: "அங்க போனாக் கத்தறாங்கக்கா. ஏன் லேட்டாவந்தேங்கறாங்க. நேரத்துல போனா, இத்தன வெள்ளன எதுக்கு வந்தேங்கறாங்க."

அன்னூர்க்காரி, இரண்டாவது: "கீறிப்போடுவாங்க. வவுத்துல தையல வெச்சுக்கிட்டு எப்பிடித் தறியில நிக்கறது?" பக்கத்தில் அவள் மாமியார் தலையாட்டினார். தறியில் யார் நிற்பது என்பதில் அவருக்கும் அதே கவலை.

பெயர் கேட்கவில்லை, பச்சைச் சேலை: "எங்க மாமியாவும் இங்கதான் காட்டுனாங்களாமா." மாமியாருக்கு அறுபது வயது இருக்கும். அவர் பிள்ளை பெற்ற காலத்தில் இந்த இடம் சோளக்காடு. வரலாற்றை யாரும் கேட்காதபோது சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன்.

கைக்குட்டையில் மிக்சர் வைத்துத் தின்றுகொண்டிருந்தவள்: "மூலிகைல சைடு எபெக்ட் கெடையாதுங்க."

வெளியே டிவிஎஸ் வண்டிமேல் சாய்ந்திருந்த கணவர்: "இங்க நம்மளையும் உள்ள கூப்புட்டு உக்காரச் சொல்றாங்க. அங்க வாட்ச்மேன் கேட்டுக்கு அக்கட்டால தள்ளறான்."

இன்னொருத்தி: "பேரச் சொல்லிக் கூப்புடறாங்க. அங்க நம்பருங்க."

மூலிகையின் குணத்துக்காக வந்தவர் மிக்சர்க்காரி ஒருத்திதான்.

என்னுடைய காரணம். இதை ராஜேஸ்வரியிடம் சொல்லப்போவதில்லை.

முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் போனது. இந்தத் தடவை உண்டானதும் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் போனேன். கூட்டம். டாக்டரம்மா தலை நிமிராமல், கூடம் முழுக்கக் கேட்கும்படி: "மொதக் கொழந்தை என்னாச்சு?" சொன்னேன். எழுதிக்கொண்டார். "அடுத்தது." அவர்மேல் தப்பில்லை. அவருக்குப் பின்னால் சுவர், முன்னால் அத்தனை வயிறுகள்.

வைத்தியரம்மாவும் அதையேதான் கேட்டார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். சொன்னேன். நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டார். பிறகு: "பேரு ஏதாச்சும் நெனச்சு வெச்சிருந்தீங்களா கண்ணு?"

வைத்திருந்தேன். அதுவரை யாரும் கேட்டதில்லை, என் கணவர் உட்பட. சொன்னேன். இங்கே எழுதவில்லை.

ஆக, நானும் பஸ் நிறுத்தத்துக்காகப் போகவில்லை.

ஆகஸ்ட் 31, சனி

மெட்டி கழற்றும் விழா. சோப்பு, தேங்காயெண்ணெய், அத்தை, வேலைக்கு வரும் பாப்பாத்தி. இடது கால் மெட்டி வந்தது. வலது கால் மெட்டி வர மறுத்து, கடைசியில் நகைக்கடைக்காரரின் கத்தரிக்குப் பணிந்தது.

கட்டுச்சோறு எட்டாம் தேதி ஞாயிறு என்று முடிவு. ஆனைமலையிலிருந்து என் வீட்டார் வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு வருவார்கள். எனக்கு வளையல் போட்டு, ஊட்டி, ஊருக்கும் போட்டு, என்னைப் பிரசவத்துக்கு அழைத்துப் போவார்கள். அன்றோடு நான் இந்த வீட்டின் பொறுப்பிலிருந்து அந்த வீட்டின் பொறுப்புக்கு மாறுகிறேன்.

தலைவலி. மாலையில் அவரிடம் பேச்செடுத்தேன்.

"ஏனுங்க, வைத்தியரம்மா சொன்னாங்களே, ஆஸ்பத்திரிக்கு ஒருக்கா…"

"கூட்டீட்டுப் போறதுக்கென்ன அம்மிணி, காரு சும்மாதான நிக்குது. ஆனா ரோசன பண்ணிப் பாரு. இன்னும் ஒரு வாரத்துல உங்கம்மா ஊட்டுக்குப் போறே. இப்பப் போயி அவங்க பிரசரு கிசருன்னு எழுதிக் குடுத்தாங்கன்னு வையி, நோவோட அனுப்பிச்சாப்பல ஆயிரும். உங்கப்பா என்ன நெனப்பாரு?"

என் அப்பா என்ன நினைப்பார் என்று இவர் இவ்வளவு யோசிப்பது எனக்குத் தெரியாது. ஒருவகையில் சந்தோஷம்.

செப்டம்பர் 1, ஞாயிறு

அம்மாவுக்குப் போன். வீக்கத்தைச் சொன்னேன். தலைவலியையும்.

அம்மா அப்பாவிடம் ஏதோ கேட்டுவிட்டு வந்தார். பிறகு: "நாங்க எப்பிடிக் கண்ணு சொல்றது? ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போங்கன்னு நாங்க சொன்னா, அவங்க உன்னைய ஒழுங்காப் பாக்கலீன்னு சொன்னாப்பல ஆயிருமே. சம்பந்தியூட்டுக்காரங்க எம்புட்டு மருவாதியானவங்க. ஞாயித்துக்கெழம வந்து கூட்டிக்கறம். திங்கக்கெழம மொத வேலையே பொள்ளாச்சி ஆஸ்பத்திரிதான். ஒரு வாரந்தான சாமி."

"சரிம்மா."

இரண்டு குடும்பமும் மரியாதையில் ஒன்றையொன்று மிஞ்சப் பார்க்கின்றன. என் கால் இரண்டுக்கும் நடுவில் வீங்குகிறது.

நான் தனியாக பஸ் ஏறிப் போகலாம்தான். அந்தக் கூடம், "அடுத்தது". கால் வரவில்லை. வீங்கிய கால் என்று எழுதிவைக்கிறேன்.

செப்டம்பர் 2, திங்கள்

வைத்தியசாலை. மிசின் இன்னும் வரவில்லை. கெட்டுப்போனதைவிட ரிப்பேருக்குப் போனதுதான் அதற்குப் பெரிய ஆபத்து போலிருக்கிறது.

வைத்தியரம்மா முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். எடுத்தார். குழி அப்படியே நின்றது. மூவரும் அந்தக் குழியைப் பார்த்தோம். நிதானமாக நிரம்பியது.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துட்டீங்களாங்க?"

அத்தை: "போகோணுங்க. விருந்து வேலை மேல வேலைங்க. ஞாயித்துக்கெழம நீங்க கண்டிப்பா வரோணும். நீங்க இல்லாம எப்பிடி."

"வாரனுங்க, வாரனுங்க. ஆனாப் பாருங்க, இன்னைக்கே ஒரெட்டுப் போயிட்டு வந்தா நல்லதுங்க. நாஞ் சொல்றேன்னு தப்பா நெனச்சுக்கப்படாது."

"அய்யோ, தப்பா நெனப்பமுங்களா!"

வெளியே வந்ததும் அத்தை: "பாத்தியா, விருந்துக்கு வாரேன்னுட்டாங்க. ஏதாச்சும் பெரிய வில்லங்கமா இருந்தா, சிரிச்சுக்கிட்டு வாரேன்னு சொல்லுவாங்களா?"

ஆதாரங்களை இப்படிக் கையாளும் மாணவிகளுக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை. ஆனால் எனக்கும் அந்த முடிவு பிடித்திருந்தது.

யோசித்தது: ஆஸ்பத்திரியில் எல்லாவற்றுக்கும் கத்துகிறார்கள், அதனால் யாரும் பயப்படுவதில்லை. இங்கே எதற்கும் கத்துவதில்லை. அதனாலும் யாரும் பயப்படுவதில்லை. வைத்தியரம்மா அறைக்குள் சொன்னபோது கட்டளை. வாசல்படியில் வேண்டுகோள். பஸ்ஸில் உபசாரம். வீடு வந்து சேரும்போது நலம் விசாரிப்பு. என் கணவர்கூட சாப்பிடும்போது, "வைத்தியரம்மா உன்னைய விசாரிச்சாங்களாமா?" என்றார்.

செப்டம்பர் 5, வியாழன்

வேலைகள்: பந்தல்காரர். வாழையிலை (தலைவாழை, நுனி கிழியாதது, அத்தை இரண்டுமுறை சொன்னார்). மேசை பெஞ்சு வாடகை. சமையலுக்கு விறகு. சித்தப்பா வீட்டுக்கு அழைப்பு விட்டுப்போயிற்று. மாமா நேரில் போய்ச் சமாதானம். மாமா, என் மாமனார், இந்த வீட்டில் பேசுவது இப்படிப்பட்ட சமயங்களில் மட்டும்.

செய்தித்தாளில் எழுத்துகள் ஊர்கின்றன. தலைவலி நெற்றியிலிருந்து பின்னுக்கு இடம் மாறியிருக்கிறது. பாப்பாத்தி சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டாள். இதம்.

மதியம் கரண்ட் போனது. தெரு முழுக்கத் தறிகள் ஒரே சமயத்தில் நின்றன. அந்த அமைதியில்தான் தெரிந்தது: காலையிலிருந்து குழந்தை அதிகம் அசையவில்லை. கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு புரளல். சோம்பல் முறிப்பதுபோல.

கரண்ட் வந்தது. தறி ஓடத் தொடங்கியது. மறுபடி எதுவும் தெரியவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு, காலை

மேகம். பந்தல் காற்றில் ஒரு பக்கம் தூக்குகிறது. அதைக் கயிறுபோட்டு மாட்டுக் கொட்டகைத் தூணில் கட்டியிருக்கிறார்கள். கண் ஓரத்தில் மினுமினுப்பு, ஜரிகை பார்ப்பதுபோல. ஜரிகையாகவும் இருக்கலாம். எல்லோரும் பட்டு.

வந்தவர்கள் எல்லோரும் சொல்வது: "மொகம் என்னமாப் பூரிச்சிருக்குது! பொட்டப்புள்ளதான்." நேற்று மாலையிலிருந்து கண் முழுதாகத் திறக்கவில்லை. அழகு என்று கேள்விப்பட்டேன்.

கூப்பிடுகிறார்கள்.

செப்டம்பர் 11, புதன். ஆஸ்பத்திரி, கோயமுத்தூர்

வெயில் என்று நினைக்கிறேன். ஜன்னல் எதிர்ச் சுவரைப் பார்த்தது. எழுத்து என்னுடையது போலில்லை. முடிந்தவரை.

ஞாயிறு. பலகையில் உட்காரவைத்தார்கள். அம்மா வாங்கி வந்த வளையல் கை ஏறவில்லை. போன மாதம் அளவு கொடுத்தது. "புதுசுங்க, அப்பிடித்தான் இருக்கும்," என்றாள் ஒரு சித்தி. மஞ்சள் தண்ணீர் தடவி முறுக்கினார்கள். அப்போது வைத்தியரம்மா வந்தார். ஊதாப் பட்டு. என் கையைச் சித்தியிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"தலவலிங்களா?"

"ஆமாங்க."

"கண்ணுல மின்னுதுங்களா?"

"ஆமாங்க."

வளையலைத் தட்டில் வைத்துவிட்டார். குங்குமம் வைத்தார். நேராகப் போய் முதல் பந்தியில் உட்கார்ந்தார். நான் பலகையில், பார்க்கும் தூரத்தில்.

இலை போட்டார்கள். தண்ணீர் தெளித்தார். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, இனிப்பு, பொரியல். எல்லாம் வந்து இலையில் இறங்கியது. அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

அத்தை ஓடிவந்தார். "ஏனுங்க, கை வெய்யுங்க."

"வெக்கறனுங்க. அம்மிணிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போங்க. பிரசர் பாத்துப்போட்டு ஒரு போன் பண்ணச் சொல்லுங்க. அப்பறம் சாப்புடறனுங்க."

அத்தை சிரித்தார். "மொதல்ல சாப்புடுங்க. சாப்புட்டுப்போட்டுப் பேசிக்கலாம்."

"இல்லீங்க. நான் உக்காந்திருக்கறனுங்க. எனக்கொண்ணும் அவசரமில்லீங்க."

குரல் துளியும் உயரவில்லை. வைத்தியசாலையில் பேசும் அதே குரல். முகத்தில் அதே புன்னகை.

பக்கத்து இலைக்காரர் பிசைந்த உருண்டையைக் கீழே வைத்தார். பக்கத்தில் ஒருவர் சாப்பிடாமல் இருக்கும்போது எப்படிச் சாப்பிடுவது? அவருக்கு அடுத்தவர். அதற்கு அடுத்தவர். வரிசை முழுக்கக் கைகள் ஒவ்வொன்றாக நின்றன. கரண்ட் போனால் தறிகள் நிற்பதுபோல. பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியைத் தூக்கியபடி நின்றார்கள்.

மாமா கைகழுவும் இடத்திலிருந்து வந்தார். "ஆரு சாப்புடல?"

எல்லோரும் வைத்தியரம்மாவைப் பார்த்தார்கள். இலையைப் பார்த்தார். இந்த வீட்டில் ஒரு விருந்தாளி போட்ட இலையில் கை வைக்காமல் எழுந்தால், அது பேரன் காலத்து நிச்சயதார்த்தத்திலும் பேசப்படும். மாமாவின் முகத்தில் அந்த நிச்சயதார்த்தம் தெரிந்தது.

"சண்முகம். காரை எடு," என்றார் மகனிடம்.

என் கால், என் தலை, என் கண், இத்தனையும் சேர்ந்து செய்ய முடியாததை ஒரு இலை செய்தது.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அப்பா எழுந்தார். "நாங்க கூட்டீட்டுப் போறமுங்க மாப்ள. கட்டுச்சோறுதான் ஆயிப்போச்சே."

அவர்: "நீங்க எதுக்குங்க மாமா செரமம். எங்க காரு இருக்குதுல்லொ."

"டெம்போ வாசல்லயே நிக்குதுங்க."

"அதெப்பிடிங்க, டெம்போல…"

"இன்னும் ஊட்டவே இல்லையே," என்று ஒரு குரல்.

வைத்தியரம்மா, இலைக்கு முன்னால் இருந்தபடி: "எல்லாருமே போங்க. ஒரே கார்ல போங்க."

போனோம். முன் சீட்டில் அப்பாவும் அவரும். பின்னால் இரண்டு தாய்மார்களும் நடுவில் நானும். அத்தை என் ஒரு கையையும் அம்மா இன்னொரு கையையும் பிடித்துக்கொண்டார்கள். நீலாம்பூர் தாண்டியதும் அத்தை அழுதார். அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "பிரசருன்னா என்னன்னு எனக்குத் தெரியாது கண்ணு," என்றார். சுளீர் என்று இருந்தது. தெரிந்த நான் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் கத்தினார்கள். அதே டாக்டரம்மா. "இத்தன நாளா எங்க இருந்தீங்க? வீட்ல படிச்சவங்க யாருமே இல்லையா?" இருக்கிறேன் என்று கையைத் தூக்க நினைத்தேன். தூக்கினேனா தெரியவில்லை. அவர் கத்தியபடியே ஊசி போட்டார், கத்தியபடியே ஆட்களை ஏவினார், கத்தியபடியே கூட ஓடிவந்தார். எனக்காக ஒருவர் இவ்வளவு கத்தியது அதுதான் முதல் தடவை. கேட்கச் சுகமாக இருந்தது.

"எங்க காட்டுனீங்க? நாட்டு வைத்தியமா?"

அத்தை: "எங்கயும் காட்டலீங்க."

வைத்தியரம்மாவின் மரியாதையைக் காப்பாற்றினார். எனவே இந்த ஆஸ்பத்திரியைப் பொறுத்தவரை அந்த முதல் நாளுக்குப் பின் என்னை யாரும் பார்த்ததே இல்லை.

கீறினார்கள்.

பெண். கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறாள். உள்ளங்கை அகலம் முதுகு. பிறந்ததும் ஓங்கிக் கத்தினாளாம். யாரும் தப்பாக நினைக்கவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

மழை, ஒரு வழியாக.

தலைவலி இல்லை. கால், கால் மாதிரி. தையல் இழுக்கிறது, சிரிக்கக்கூடாது என்கிறார்கள். அம்மாவும் அத்தையும் என் பக்கத்தில் யார் இரவு தங்குவது என்று உபசரித்துக்கொள்ளும்போது கஷ்டமாக இருக்கிறது.

விட்டுப்போனது: ஞாயிறன்று போன் பண்ண எல்லோரும் மறந்துவிட்டார்கள். பொழுது சாயும் நேரத்தில்தான் அவருக்கு நினைவு வந்து எஸ்டிடி பூத்துக்கு ஓடினார். வைத்தியரம்மா அதுவரை அந்த இலைக்கு முன்னால்தான் இருந்தாராம். மாமா எதிர் பெஞ்சில், அவரும் சாப்பிடாமல். பந்தல் பிரித்தாயிற்று, அந்த ஒரு மேசையைத் தவிர. சேதி கேட்டபின் வைத்தியரம்மா தயிர்ச்சோறு மட்டும் சாப்பிட்டாராம். மற்றதெல்லாம் காய்ந்துவிட்டது.

இன்று வந்திருந்தார். கையில் சாத்துக்குடிப் பை. நர்ஸ் யார் என்று கேட்டாள். "சொந்தக்காரங்க," என்றார் அத்தை. அவரும் சரி என்று தலையாட்டினார்.

கண்ணாடிப் பெட்டியருகே ரொம்ப நேரம் நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"போன வாரமே நான் இன்னும் பலமாச் சொல்லியிருக்கோணுமுங்க."

"நீங்க எப்பிடிங்க பலமாச் சொல்லுவீங்க," என்றார் அத்தை.

வைத்தியரம்மா சாத்துக்குடிப் பையைக் கட்டிலடியில் வைத்தார். என் பக்கம் திரும்பி, குனிந்து: "அந்தப் பேரு வெக்கறீங்களா கண்ணு?"

"இல்லீங்க. அது அவளுது. இவளுக்கு வேற பாக்கோணும்."

"அதுதான் சரிங்க," என்றார்.

மிசின் ரிப்பேரிலிருந்து வந்துவிட்டதாம். போகும்போது சொன்னார்.

அவர் போனதும் பக்கத்துக் கட்டில் பெண் திரும்பிப் படுத்தாள். நேற்றுச் சேர்ந்தவள், ஆறாம் மாதம். காலையில் டாக்டரம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள். குரலைத் தாழ்த்தி:

"ஏனுங்கக்கா, அவங்க மூலிகை வைத்தியருதான? எங்கூருப் பக்கம் சொல்லுவாங்க."

"ஆமாங்க."

"கத்துவாங்களா?"

"கத்த மாட்டாங்க."

"அப்பிடியா!" எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அட்ரஸ் சொல்லுங்கக்கா."

சொன்னேன். பஸ் வாசலில் நிற்கும் என்பதையும் சொன்னேன். பிறகு சொன்னேன்: "மெதுவாத்தான் சொல்லுவாங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு ஒரு தடவ சொன்னாங்கன்னா, அன்னைக்கே ஓடி வந்துருங்க. விருந்து வரைக்கும் வெச்சிருக்காதீங்க."

அவளுக்குப் புரியவில்லை. "ஏனுங்க, விருந்துல என்ன பண்ணுவாங்க?"

"சாப்புட மாட்டாங்க."

கண்ணாடிப் பெட்டி அறையிலிருந்து கத்தல். நம்முடையவள்தான், குரல் தெரிகிறது. போக வேண்டும்.